கணக்கு திறந்தாகிவிட்டது, அப்புறம்? நுண்கடனையும் ஃபின்டெக்கையும் ஆராயப் போகிறவர்களுக்கு

புதுச்சேரியில் வில்லியனூர்ப் பக்கம் மங்கலம் என்று ஒரு கிராமம் இருக்கிறது. இந்தியாவில் எல்லா வீட்டுக்கும் வங்கிச் சேவை போய்ச் சேர்ந்த முதல் கிராமம் என்று வங்கித் துறையில் இந்த ஊரைத்தான் சொல்வார்கள். நடந்தது 2005-ல், இந்தியன் வங்கியின் தலைவராக கே.சி. சக்ரவர்த்தி இருந்த காலத்தில். அதே வருடம் நவம்பரில்தான் ரிசர்வ் வங்கியும், இருப்பே இல்லாமலோ மிகக் குறைந்த இருப்பிலோ ஏழைகளுக்குக் கணக்கு திறந்து கொடுங்கள் என்று வங்கிகளுக்குச் சொன்னது. இன்றைக்குக் கருத்தரங்குக்குக் கருத்தரங்கு பேசப்படும் ‘நிதி உள்ளடக்கம்’ என்ற விஷயத்தில் நம் பகுதிக்கு இப்படி ஒரு பங்கு இருப்பது கடலூரிலும் புதுச்சேரியிலும் படிக்கிற பிள்ளைகள் பலருக்கே தெரிவதில்லை.

ஆனால் தலைப்பை மட்டும் நிறையப் பேர் எடுக்கிறார்கள். எடுத்தவுடன் ஒரு கேள்வித்தாள் தயாராகிவிடும். கணக்கு இருக்கிறதா, ஏடிஎம் கார்டு இருக்கிறதா, ஜிபே பயன்படுத்துகிறீர்களா, ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள். நூறு பேரிடம் நிரப்பி வாங்கி, சதவீதம் போட்டு, பெரும்பாலானோர் திருப்தியாக இருக்கிறார்கள் என்று எழுதி பைண்டிங்குக்குக் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு, ஏனென்றால் அந்த நூறு வீட்டிலும் அதற்குப் பல மடங்கு செய்தி இருந்திருக்கும், கேட்கத்தான் ஆள் இல்லை. நான் சொல்ல வருவது இதுதான்: கணக்கை எண்ணுவதை விட்டுவிட்டு, ஒரு வீட்டுக்குள் பணம் எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள். நுண்கடனும் (ஏழைக் குடும்பங்களுக்கு அடமானம் இல்லாமல் கொடுக்கும் சிறு கடன்) ஃபின்டெக்கும் (தொழில்நுட்பம் வழியாக வரும் நிதிச் சேவை) அந்த வழியில் எங்கே நிற்கின்றன என்பது தானாகத் தெரிய வரும்.

முதலில் நிதி உள்ளடக்கம் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். 2008-ல் சி. ரங்கராஜன் தலைமையிலான குழு கொடுத்த விளக்கத்தைத்தான் இன்றும் பலர் எடுத்தாள்கிறார்கள். நலிந்த பிரிவினருக்கும் குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கும் நிதிச் சேவைகள் கிடைக்க வேண்டும், தேவைப்படும் நேரத்தில் போதுமான கடன் கிடைக்க வேண்டும், அதுவும் கட்டுப்படியாகும் செலவில் கிடைக்க வேண்டும் என்பது அதன் சாரம். சேமிப்பு, கடன், காப்பீடு, பணம் அனுப்பவும் பெறவும் வசதி என்று நான்கையும் சேர்த்துத்தான் நிதிச் சேவை என்கிறோம். இந்த விளக்கத்திலேயே உங்கள் ஆய்வுக்கான கேள்விகள் இருக்கின்றன, கவனித்தீர்களா? தேவைப்படும் நேரம் எது, போதுமான அளவு எவ்வளவு, கட்டுப்படியாகும் செலவு யாருக்கு எவ்வளவு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்டாலே ஒரு நல்ல ஆய்வு கிடைத்துவிடும்.

கணக்கு எண்ணிக்கையில் இந்தியா சாதித்ததைக் குறைத்துச் சொல்ல முடியாது. உலக வங்கி 2011 முதல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை குளோபல் ஃபின்டெக்ஸ் என்ற கணக்கெடுப்பை நடத்துகிறது. அதன்படி இந்தியாவில் கணக்கு வைத்திருந்த பெரியவர்கள் 2011-ல் 35 சதவீதம், 2021-ல் சுமார் 78 சதவீதம். நடுவில் வந்தது 2014 ஆகஸ்ட் 28-ல் தொடங்கிய ஜன்தன் திட்டமும் ஆதாரும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே இருந்த பெரிய இடைவெளியும் அந்தப் பத்தாண்டில் ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஆனால் அதே 2021 கணக்கெடுப்பில், இந்தியாவில் கணக்கு வைத்திருந்தவர்களில் 35 சதவீதம் பேர் ஒரு வருடமாகப் பணம் போடவும் இல்லை, எடுக்கவும் இல்லை. தெருவுக்குத் தெரு குழாய் போட்டுவிட்டு, தண்ணீர் வந்ததா என்று யாரும் திறந்து பார்க்காத கதைதான் இது. இதனால்தான் ரிசர்வ் வங்கி 2021-ல் கொண்டுவந்த நிதி உள்ளடக்கக் குறியீட்டில் கணக்கு, கிளை போன்ற ‘கிடைப்பதற்கு’ 35 சதவீத எடைதான், ‘பயன்படுத்துவதற்கு’ 45 சதவீதம், ‘தரத்துக்கு’ 20 சதவீதம் என்று வைத்திருக்கிறார்கள். உங்கள் கேள்வித்தாளிலும் இந்த எடை தெரிய வேண்டும்.

சரி, நுண்கடனுக்கு வருவோம். வங்கதேசத்தில் 1976-ல் ஜோப்ரா என்ற கிராமத்தில் முகமது யூனுஸ் என்ற பொருளியல் பேராசிரியர் 42 பேருக்கு மொத்தம் 27 டாலர் மதிப்புள்ள தொகையைத் தன் கையிலிருந்து கடனாகக் கொடுத்ததில் தொடங்கியது என்று எல்லாப் பாடத்திலும் இருக்கும். 1983-ல் அது கிராமீன் வங்கி ஆனது, 2006-ல் அமைதிக்கான நோபல் பரிசு வந்தது. அடமானம் கேட்காதே, குழுவாகச் சேர்த்துக் கொடு, சின்னச் சின்னத் தவணையாக வாங்கு என்பதுதான் அதன் அடிப்படை.

தமிழ்நாட்டில் இதற்கு இரண்டு முகம் உண்டு, புதிதாக வருகிறவர்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். ஒன்று மகளிர் சுய உதவிக் குழு. 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கியது, 1992-ல் ஊரக வளர்ச்சிக்கான நபார்டு வங்கி இதை நாடு முழுக்க வங்கிகளோடு இணைக்க ஆரம்பித்தது. இங்கே பெண்கள் முதலில் தாங்களே சேமிக்கிறார்கள், அந்தச் சேமிப்பிலிருந்து தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொள்கிறார்கள், அப்புறம் வங்கி அந்தக் குழுவை நம்பிக் கடன் தருகிறது. இன்னொன்று நுண்கடன் நிறுவனம். சேமிப்பு கிடையாது, ஆதாரும் குடும்ப அட்டையும் காட்டினால் போதும், ஐந்து பத்துப் பேரைச் சேர்த்து ஒரு சென்டர் ஆக்கி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கடன் கொடுத்து, வாரமோ பதினைந்து நாளோ மாதமோ ஒருமுறை டியூ வசூலிப்பார்கள். ஊரில் இரண்டையும் ‘குழு லோன்’ என்றே சொல்வதால், எந்தக் குழு என்று கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளாமல் நீங்கள் ஒரு வரி எழுதக் கூடாது. முதல் வகையில் வட்டியின் ஒரு பகுதி குழுவுக்கே திரும்புகிறது, இரண்டாவது வகையில் மொத்தமும் கம்பெனிக்குப் போகிறது. இரண்டையும் ஒரே கட்டத்தில் டிக் அடித்தால் உங்கள் முடிவு எதற்கும் உதவாது.

வட்டிக் கணக்கைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம், ஏனென்றால் ஆராய்ச்சி செய்கிறவர்களே தடுமாறும் இடம் இது. ஒரு அக்காவுக்கு ரூ.40,000 கடன், 24 மாதம், ‘12 பர்சென்ட் பிளாட்’ என்று பேசிக் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டி வருடத்துக்கு ரூ.4,800, இரண்டு வருடத்துக்கு ரூ.9,600. மொத்தம் ரூ.49,600-ஐ 24-ஆல் வகுத்தால் மாதம் சுமார் ரூ.2,067. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் பாதி தவணை கட்டி முடித்த பிறகு அவர் கையில் கம்பெனிப் பணம் பாதிதான் இருக்கிறது, வட்டியோ முழு நாற்பதாயிரத்துக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. குறைந்துவரும் அசலுக்குக் கணக்குப் போட்டால் அந்த 12 உண்மையில் ஆண்டுக்கு 21.6 சதவீதம் ஆகிறது. இதில் செயலாக்கக் கட்டணம், காப்பீடு என்று ஆயிரம் ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டு ரூ.39,000-ஐக் கையில் கொடுத்தால் 24 சதவீதத்தைத் தாண்டிவிடும். கடன் அட்டையை வாங்கி, கையில் வந்த தொகை எவ்வளவு, எந்தத் தேதிகளில் எவ்வளவு கட்டினார் என்று இரண்டையும் குறித்துக்கொண்டு நீங்களே கணினியில் கணக்குப் போடுங்கள். வாயால் சொல்லும் வட்டி விகிதத்தை அப்படியே அட்டவணையில் ஏற்ற வேண்டாம்.

இதோடு தண்டலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கடலூர் முதுநகர் மார்க்கெட்டிலும் துறைமுகத்திலும் மீன் வாங்கி விற்கும் பெண்கள் பலர் தண்டலில்தான் முதல் போடுகிறார்கள். பத்தாயிரம் என்று பேசி ரூ.8,500 கையில் வரும், நாளுக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். ஆண்டுக் கணக்கில் இது சுமார் 120 சதவீத வட்டி. அப்படியானால் 24 சதவீதக் குழுக் கடன் இருக்கும்போது எதற்குத் தண்டல் என்று உடனே கேட்கத் தோன்றும், கேட்கவும் வேண்டும், ஆனால் அவர்களுக்குக் கணக்குத் தெரியவில்லை என்ற பதிலோடு போய்விடாதீர்கள். விடியற்காலை மூன்று மணிக்குப் படகு கரைக்கு வரும்போது ஏலத்தில் நிற்கக் கையில் ரொக்கம் வேண்டும், அதை முந்தின நாள் சாயங்காலமே வீட்டு வாசலில் வந்து கொடுக்கிறவர் தண்டல்காரர். கூடைக்கு லாபம் வந்தால் அன்றைக்கே நூறு ரூபாய் கழிந்துவிடும். ஒரு நாள் கட்ட முடியவில்லை என்றால் நாளைக்குச் சேர்த்து வாங்கிக்கொள்கிறேன் என்பார். குழுக் கடனில் அந்தத் தளர்வு கிடையாது, ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்றவர்கள் உட்கார்ந்துகொண்டே இருக்க வேண்டும். விலை அதிகம்தான், ஆனால் அவர்கள் வாங்குவது வேறு சரக்கு. கந்துவட்டியை நான் நியாயப்படுத்தவில்லை. அதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் போட்டாகிவிட்டது, இருந்தும் ஏன் ஓயவில்லை என்பதற்குக் காரணம் இந்த மாதிரி நேரக் கணக்குகளில்தான் இருக்கிறது.

இந்த விஷயத்தில் உலகம் முழுக்க எடுத்துக்காட்டப்படும் வேலை நம் மண்ணில்தான் நடந்திருக்கிறது. 1955 முதல் புதுச்சேரியில் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இசபெல் கெரான், வெங்கடசுப்பிரமணியன் முதலானோர் கடலூர், விழுப்புரம் மாவட்டக் கிராமங்களில் கடன் பற்றி நீண்ட காலமாக ஆராய்கிறார்கள். 2010-ல் பத்துக் கிராமங்களில் 405 குடும்பங்களைப் பார்த்தார்கள், 2016-17-ல் மறுபடி போனார்கள், பிறகும் தொடர்ந்தார்கள். ஏறக்குறைய எல்லாக் குடும்பத்துக்கும் கடன் இருந்தது, அதுவும் ஒன்றல்ல, பல இடங்களில். தெரிந்தவர்களிடம் கைமாத்து, அடகுக் கடை, தண்டல், குழு, மேஸ்திரியிடம் முன்பணம் என்று ஒன்றை வாங்கி இன்னொன்றை அடைத்துக்கொண்டே குடும்பம் ஓடுகிறது. எந்தக் கடனை முதலில் அடைப்பது என்பதை வட்டி மட்டும் தீர்மானிப்பதில்லை, யாரிடம் கடன்பட்டிருக்கிறோம், அவரிடம் தலைகுனிய வேண்டியிருக்கிறதா, சாதி என்ன, நாளைக்கு அவர் தயவு வேண்டுமா என்பதெல்லாம் சேர்ந்து தீர்மானிக்கிறது என்று அவர்கள் எழுதியிருக்கிறார்கள். 2016 நவம்பர் 8 பணமதிப்பிழப்பு அந்தக் களப்பணிக்கு நடுவில் வந்துவிட்டது. ரொக்கம் வற்றிப்போன அந்த வாரங்களில் கிராமத்தில் மக்கள் யாரைப் பிடித்துச் சமாளித்தார்கள், உறவும் தெரிந்தவர்களும் இல்லாதவர்கள் என்ன ஆனார்கள் என்பதை அவர்களால் நேரிலேயே பதிவுசெய்ய முடிந்தது. இதைப் படிக்காமல் கடலூரில் யாரும் இந்தத் தலைப்பைத் தொட வேண்டாம் என்பது என் கருத்து.

நுண்கடன் கெட்டுப்போகவும் தெரியும் என்பதற்கு ஆந்திரா சாட்சி. கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு ஒரே வீட்டுக்கு நாலைந்து கடன் கொடுத்து, வசூலில் நெருக்கி, தற்கொலைச் செய்திகள் வந்த பிறகு 2010 அக்டோபரில் அந்த மாநிலம் அவசரச் சட்டம் போட்டது, வசூல் அப்படியே நின்றது. அடுத்த ஆண்டு, இந்தச் சிக்கலை ஆராய ரிசர்வ் வங்கி அமைத்த மாலேகம் குழுவின் அறிக்கை, அப்புறம் ரிசர்வ் வங்கி விதிகள். 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள விதிப்படி, ஆண்டு வருமானம் ரூ.3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் கொடுப்பதுதான் நுண்கடன். அந்தக் குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்த்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. கடன் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் விவரத்தாள் கொடுக்க வேண்டும். வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வரக் கூடாது, போன் செய்யவும் கூடாது. அதே சமயம், அதுவரை இருந்த வட்டி உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள்.

இந்த 50 சதவீத விதி ஒன்றே ஒரு முழு ஆய்வுக்குப் போதும். வருமானத்தை எப்படி மதிப்பிட்டார்கள்? மற்றக் கடன்களுக்குக் கம்பெனிக்காரர் பெரும்பாலும் பார்ப்பது சிபில் போன்ற நிறுவனங்கள் வைத்திருக்கும் கடன் பதிவைத்தான், தண்டலும் அடகுக் கடையில் வைத்த நகையும் கைமாத்தும் அதில் வராது. ‘டியூ தவறினால் சிபில் அடிபடும்’ என்ற பயம் இப்போது கிராமம் வரைக்கும் வந்துவிட்டது, அதனால் குழு டியூ கட்டுவதற்காகவே தண்டல் வாங்குகிறார்கள், காகிதத்தில் வசூல் 99 சதவீதம் என்று அழகாக நிற்கிறது. வசூல் விகிதத்தைப் பார்த்து மக்கள் நன்றாக இருக்கிறார்கள் என்று முடிவு கட்டும் கட்டுரையைக் கண்டால் எனக்குக் கோபமே வருகிறது.

இனி ஃபின்டெக். பெயர் பெரிதாக இருந்தாலும், போனும் கைரேகை மிஷினும் கடன் செயலியும்தான் இங்கே நமக்குத் தேவை. வளரும் நாடுகளில் இதற்கு முதல் பெரிய உதாரணம் கென்யாவின் எம்-பெசா, 2007 மார்ச்சில் சஃபாரிகாம் நிறுவனம் தொடங்கியது. வங்கிக் கணக்கு இல்லாமலே சாதாரண போனிலிருந்து பணம் அனுப்பலாம், தெருமுனைக் கடையில் ரொக்கமாக மாற்றிக்கொள்ளலாம். தவ்நீத் சூரி, வில்லியம் ஜாக் என்ற இரு பொருளியலாளர்கள் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, அது சுமார் 1,94,000 குடும்பங்களை, அதாவது கென்யக் குடும்பங்களில் 2 சதவீதத்தை, வறுமையிலிருந்து மேலே தூக்கியது என்று 2016-ல் மதிப்பிட்டார்கள். இதற்குக் காரணம் கடன் அல்ல என்பதைக் கவனியுங்கள். வீட்டில் ஒருவர் நோயில் விழுந்தால் தூரத்தில் இருக்கும் சொந்தக்காரர் அன்றைக்கே பணம் அனுப்ப முடிந்தது, பெண்கள் கொஞ்சம் சேர்த்து வைத்துச் சின்ன வியாபாரத்துக்குப் போக முடிந்தது.

நம்மிடம் 2016-ல் யுபிஐ வந்தது, 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் ஆயிரம் கோடிப் பரிவர்த்தனையைத் தாண்டியது. புதுச்சேரி கடற்கரையில் சுண்டல் விற்கிறவரிடமும் கியூஆர் அட்டை இருக்கிறது, அதில் வியப்பு ஒன்றும் மிச்சமில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது ஆதார் வழியாகப் பணம் எடுக்கும் ஏற்பாடு. வங்கி முகவர் ஒரு சின்ன மிஷினோடு ஊருக்குள் உட்கார்ந்திருப்பார், விரலை வைத்தால் நூறு நாள் வேலைக் கூலியையோ, 2023 செப்டம்பரில் தமிழ்நாட்டில் மாதம் ஆயிரம் ரூபாயாகத் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையையோ கையில் வாங்கலாம். பேருந்து ஏறிக் கிளைக்குப் போய் வரிசையில் நின்று ஒரு நாள் கூலியை இழக்க வேண்டாம், நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் பண்ருட்டிப் பக்கம் காடாம்புலியூர், பணிக்கன்குப்பம் போன்ற ஊர்களில் முந்திரி உடைக்கும் பெண்களின் கையைப் பாருங்கள். முந்திரித் தோட்டில் இருக்கும் எண்ணெய் தோலை அரிக்கும். வருடக் கணக்கில் உடைத்தவர்களுக்கு விரல் நுனி கறுத்து, தோல் உரிந்து உரிந்து, ரேகை தேய்ந்து போயிருக்கும். மிஷினில் கட்டை விரலை வைக்கிறார், எடுக்கவில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறார். ஆள்காட்டி விரல், அப்புறம் இடது கை. முகவர் தேங்காய் எண்ணெய் தடவிப் பார்க்கச் சொல்கிறார், பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுக்கிறார்கள், கடைசியில் ‘நாளைக்கு வாங்கம்மா’. இவருக்குக் கணக்கு இருக்கிறது, பணம் வந்திருக்கிறது, ஆதார் இணைத்திருக்கிறது, எல்லாக் கேள்விக்கும் ‘ஆம்’ என்றுதான் உங்கள் தாளில் வரும். எத்தனை முறை முயன்ற பிறகு பணம் கையில் வந்தது, அதற்கு முகவர் தனியாக ஏதாவது வாங்கினாரா, ரசீது வந்ததா என்று மூன்று கேள்வி சேர்த்தால் போதும், ‘தரம்’ என்ற சொல் உங்கள் ஆய்வில் உயிரோடு வரும்.

கடன் செயலிகளைப் பற்றியும் கேட்டாக வேண்டும், குறிப்பாகக் கடலூர் சிப்காட்டிலும் புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையிலும் வேலை செய்யும் இளைஞர்களிடம். ஐந்து நிமிடத்தில் ஐயாயிரம் வரும், ஒரு வாரத்தில் திருப்ப வேண்டும், திருப்பாவிட்டால் போனில் உள்ள எல்லா எண்ணுக்கும் அசிங்கமாகச் செய்தி போகும் என்று நடந்த கொடுமைகளுக்குப் பிறகு 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி நெறிமுறை கொண்டுவந்தது. கடன் பணம் வங்கி அல்லது பதிவு பெற்ற நிதி நிறுவனத்திலிருந்து நேராகக் கடன் வாங்குகிறவர் கணக்குக்குத்தான் வர வேண்டும், எல்லாச் செலவும் சேர்ந்த ஆண்டு வட்டியை முதலிலேயே காட்ட வேண்டும், செயலி போனில் உள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் தொடக் கூடாது. பதிவே இல்லாத செயலிகள் இதற்கெல்லாம் கட்டுப்படுவதில்லை. களத்தில் யாராவது இப்படி மாட்டியிருப்பதாகச் சொன்னால் குறிப்பு எழுதிக்கொண்டு எழுந்து வந்துவிடாதீர்கள், சைபர் குற்ற உதவி எண் 1930-ஐச் சொல்லிவிட்டு வாருங்கள்.

இதெல்லாம் வறுமையைக் குறைக்கிறதா என்ற பெரிய கேள்விக்குப் பதில் தேடும்போது ஒரு பொறி இருக்கிறது. கடன் வாங்கிய 50 பேரையும் வாங்காத 50 பேரையும் எடுத்து, வாங்கியவர்களின் வருமானம் அதிகம், ஆகவே நுண்கடன் நல்லது என்று எழுதிவிடுவது. கடன் வாங்கியவர் ஏற்கெனவே துணிச்சலும் கொஞ்சம் வசதியும் உள்ளவராக இருந்திருக்கலாம், கம்பெனியே அப்படிப்பட்டவர்களைப் பார்த்துத்தான் சேர்த்திருக்கும். இந்தச் சிக்கலைத் தாண்டத்தான் ஐதராபாத்தில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலானோர் 104 குடியிருப்புப் பகுதிகளை எடுத்து, குலுக்கல் முறையில் பாதிப் பகுதிகளில் மட்டும் ஒரு நுண்கடன் நிறுவனம் கிளை திறக்க வைத்து, பிறகு இரண்டு பக்கமும் ஒப்பிட்டார்கள். ஏற்கெனவே தொழில் வைத்திருந்தவர்கள் முதலீட்டைக் கூட்டினார்கள், சிலர் வீட்டுக்குத் தேவையான நீடித்த பொருள்கள் வாங்கினார்கள். உடல்நலம், பிள்ளைகள் படிப்பு, பெண்களின் அதிகாரம் இவற்றில் குறிப்பிடும்படி மாற்றம் தெரியவில்லை. இந்தியா, போஸ்னியா, எத்தியோப்பியா, மெக்சிகோ, மங்கோலியா, மொராக்கோ என்று ஆறு நாடுகளில் இப்படி நடந்த ஆய்வுகள் 2015-ல் ஒன்றாக வெளிவந்தன. மொத்தத்தில் பயன் கொஞ்சம் உண்டு, வாழ்க்கையைப் புரட்டிப் போடும் அளவுக்கு இல்லை என்பதுதான் அவற்றின் தீர்ப்பு. நுண்கடன் வறுமையை ஒழிக்கும் என்றவர்களுக்கும், நுண்கடனே விஷம் என்றவர்களுக்கும் இது ருசிக்கவில்லை, ஆனால் நேர்மையான பதில் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

உங்களால் குலுக்கல் சோதனை நடத்த முடியாது, அதற்குப் பணமும் ஆளும் வேண்டும். ஆனால் நம் பகுதியில் எளிதில் கிடைக்காத ஒரு வசதி இருக்கிறது: எல்லை. பாகூர்ப் பக்கம் நடந்து போனால் ஒரு தெரு புதுச்சேரி, அடுத்த தெரு கடலூர் மாவட்டம். ஒரே பேச்சு, ஒரே விவசாயம், பெண் எடுப்பதும் கொடுப்பதும் இரு பக்கமும். ஆனால் புதுச்சேரிப் பக்கம் அரசு வேறு, உதவித்தொகை வேறு, தமிழ்நாட்டின் 2003 கந்துவட்டிச் சட்டம் அங்கே செல்லாது. இரு பக்கமும் ஒரே மாதிரி வீடுகளாக எடுத்துக் கடன் எங்கிருந்து வருகிறது என்று ஒப்பிட்டால் அருமையான ஆய்வாக வரும். எல்லை தாண்டினால் கூலியும் சலுகையும்கூடக் கொஞ்சம் மாறும் என்பதால் எல்லா வேறுபாட்டையும் சட்டத்தின் தலையில் போட்டுவிடக் கூடாது, அதை மட்டும் எழுதும்போது மறக்காதீர்கள்.

களத்தில் எப்படிக் கேட்பது என்பது பற்றிக் கொஞ்சம். ‘கடன் இருக்காக்கா?’ என்று கேட்டால், ‘அதெல்லாம் ஒண்ணும் இல்ல தம்பி’ என்று பதில் வரும், பக்கத்தில் வீட்டுக்காரரோ மாமியாரோ இருந்தால் நிச்சயமாக அப்படித்தான் வரும். ‘இந்த மாசம் யார் யாருக்கு டியூ கட்டணும்க்கா?’ என்று கேட்டுப் பாருங்கள், விரல் விட்டு எண்ண ஆரம்பிப்பார். திங்கள் ஒரு குழு, புதன் ஒன்று, டிவி தவணை, நகை வட்டி, அண்ணன் வீட்டில் வாங்கியது, ஏலச்சீட்டு. கைமாத்தை யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள், தனியாகக் கேட்க வேண்டும். திருப்பிச் செய்ய வேண்டிய மொய்யையும் கேளுங்கள், வைகாசி ஆவணி முகூர்த்தங்களில் அதுவே ஒரு பெரிய சுமை. சென்டர் மீட்டிங் முடிந்த கையோடு அங்கேயே உட்கார்ந்து கேட்காதீர்கள், உங்களைக் கம்பெனி ஆள் என்று நினைத்து எல்லாம் நல்லாயிருக்கு என்பார்கள். நீங்கள் லோன் வாங்கித் தர வந்தவர் இல்லை என்பதை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம். ஆதார் அட்டையைப் படம் எடுக்காதீர்கள், கடன் அட்டையில் பெயரையும் எண்ணையும் விட்டுவிட்டுத் தொகையையும் தேதியையும் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

நூறு வீட்டை ஒருமுறை பார்ப்பதைவிடப் பதினைந்து வீட்டைப் பத்து நாளுக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பது பல மடங்கு சொல்லும். வரவு, செலவு, கடன், கொடுத்தது என்று ஒவ்வொரு முறையும் எழுதி வருவதற்கு நிதி நாட்குறிப்பு முறை என்று பெயர், வங்கதேசத்திலும் இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் செய்து பார்த்த முறை. நாளுக்கு இரண்டு டாலரில் வாழ்கிறவர்கள்கூட வருடத்தில் எத்தனை விதமாகச் சேமித்தும் கடன் வாங்கியும் பணத்தைப் புரட்டுகிறார்கள் என்று உலகத்துக்குத் தெரிந்ததே இந்த முறையால்தான். பெரிய எண்கள் வேண்டுமென்றால் ஃபின்டெக்ஸ் தரவை உலக வங்கியின் தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 2019 கடன், முதலீடு பற்றிய சுற்றும் நபார்டின் ஊரக நிதி உள்ளடக்கக் கணக்கெடுப்பும் இருக்கின்றன. மாவட்ட அளவுக்கு, மாவட்டத்தின் வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளர் அலுவலகத்தில் கேளுங்கள், வங்கியாளர் கூட்டக் குறிப்புகள் நல்ல தகவல் தரும்.

கடைசியாக, எந்த மாதத்தில் போகிறீர்கள் என்பதைத் தயவுசெய்து யோசித்து முடிவெடுங்கள். கல்லூரிக் கால அட்டவணைப்படி எல்லோரும் ஜனவரி, பிப்ரவரியில்தான் தரவு எடுக்கிறார்கள். தேவனாம்பட்டினத்திலோ தாழங்குடாவிலோ அப்போது போனால் ஒரு குடும்பம் தெரியும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் போனால் அதே குடும்பம் வேறு மாதிரி தெரியும். விசைப்படகு கரையில் கிடக்கும், வருமானம் நின்றிருக்கும், குழு டியூ மட்டும் வாரம் தவறாமல் வரும், நகை அடகுக்குப் போவதும் அப்போதுதான். முந்திரிப் பகுதியில் அறுவடைக் காலமான கோடையில் கையில் காசு இருக்கும், ஐப்பசி கார்த்திகை மழையில் இருக்காது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் முந்திரி மரங்களையும் பலா மரங்களையும் வேரோடு சாய்த்தபோது, புதுக் கன்று வைத்துக் காய்ப்புக்கு வரும் வரை பல வருடம் அந்த வீடுகளில் மரத்து வருமானம் இல்லை. அந்த மாதிரி வருடத்தில் வாராந்திரத் தவணை ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்று தெரிய வேண்டுமானால், காசு இருக்கும் மாதத்தில் ஒருமுறை, இல்லாத மாதத்தில் ஒருமுறை என்று குறைந்தது இரண்டு தடவையாவது ஒரே வீட்டுக்குப் போக வேண்டும், வழிகாட்டிப் பேராசிரியரிடம் அனுமதி கேட்கும்போதே இந்த இரண்டு மாதங்களையும் திட்டத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.